காரைக்குடியில் ஓட்ட ஒரு மின் ஸ்கூட்டர்: எத்தனை யூனிட் பேட்டரி போதும்?

காரைக்குடி செக்காலை ரோட்டிலும் நூறடி ரோட்டிலும் நாலு கடை ஏறி மின் ஸ்கூட்டர் விசாரித்தவர் கையில் பெரும்பாலும் மூன்று விதமான விலைத் தாள் இருக்கும். ஒன்று 50,000 ரூபாயை ஒட்டி, ‘லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்’ என்கிறது. இன்னொன்று ஒரு லட்சத்தை ஒட்டி. மூன்றாவது அதற்கும் 30,000 ரூபாய் மேலே. மூன்றிலும் ‘ஒரு சார்ஜில் இத்தனை கிலோமீட்டர்’ என்று பெரிய எழுத்தில் ஓர் எண். அந்த எண்ணை வைத்து ஒப்பிட்டுத்தான் பலரும் தவறான வண்டியை வாங்குகிறார்கள். சிலர் தேவைக்கு மேல் 30,000 ரூபாய் கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு இரண்டாவது வருடமே பேட்டரி போதாமல் போகிறது.

பேட்டரியை யூனிட்டில் அளக்க வேண்டும்

பேட்டரியின் கொள்ளளவைக் ‘கிலோவாட் அவர்’ என்று எழுதியிருப்பார்கள். புதுச் சொல்லாகத் தெரிந்தாலும் இது நமக்குப் பழகிய அளவுதான். இ.பி. ரீடிங்கில் வரும் ஒரு யூனிட்டும் ஒரு கிலோவாட் அவரும் ஒன்றே. 2.2 கிலோவாட் அவர் பேட்டரி என்றால் 2.2 யூனிட் கரண்ட் பிடிக்கும் தொட்டி. வண்டியின் விலையில் ஒரு பெரிய பங்கு இந்தத் தொட்டிக்குத்தான் போகிறது.

சில தாள்களில் யூனிட் இருக்காது. ‘60 வோல்ட், 30 ஆம்பியர் அவர்’ என்று மட்டும் இருக்கும். இரண்டையும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் யூனிட் கிடைக்கும்: 60 × 30 = 1,800; அதாவது 1.8 யூனிட். இந்த இரண்டு எண்ணையும் சொல்ல முடியாத கடையில் மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

அடுத்து மைலேஜ். பெட்ரோல் வண்டிக்கு லிட்டருக்கு எவ்வளவு என்று கேட்பதுபோல, இங்கே யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்க வேண்டும். சாதாரண எடையுள்ள ஸ்கூட்டருக்கு ஏறக்குறைய இப்படி வரும்:

1. ஊருக்குள், ஒருவர், 40 கிலோமீட்டர் வேகத்துக்குள்: யூனிட்டுக்கு 33 முதல் 38 கி.மீ.
2. ஊருக்குள், இரண்டு பேர், நின்று நின்று போவது: 28 முதல் 30 கி.மீ.
3. பைபாஸில் 65 கிலோமீட்டர் வேகத்தில்: 25 கி.மீ., எதிர்காற்று இருந்தால் அதற்கும் கீழே.

மூன்றாவது எண் ஏன் இப்படி விழுகிறது? காற்று எதிர்த்துத் தள்ளும் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 50 இல் போகிறவர் 70 க்கு முறுக்கினால் காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. நம் பக்கம் சாலை சமதரை; மேடேறிப் பேட்டரி தீர்வது குறைவு, வேகத்தில் தீர்வதுதான் அதிகம்.

விளம்பரத்தில் உள்ள கிலோமீட்டர்

அது பொய் இல்லை. இந்திய ஓட்டச் சுழற்சி என்ற சோதனையில், ஆய்வுக்கூட உருளையின் மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட ஏற்ற இறக்க வேகத்தில், பேட்டரி தீரும்வரை ஓட்டிப் பெறும் எண். அங்கே எதிர்காற்று இல்லை, பின் இருக்கையில் ஆள் இல்லை, வெயில் இல்லை. சாலையில் அதில் 70 முதல் 75 சதவீதம் வந்தால் வண்டி சரியாகவே ஓடுகிறது என்று பொருள். இரண்டு வண்டிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அந்த எண் பயன்படும். உங்கள் வீட்டுக்கும் ஆபீசுக்கும் இடையிலான கணக்கை அதில் போடக்கூடாது.

உங்களுக்கு எத்தனை யூனிட் வேண்டும்?

கணக்கு இவ்வளவுதான்:

1. ஒரு நாளில் அதிகமாக ஓடும் கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி உதவாது.
2. ஊருக்குள் என்றால் 30 ஆலும், பைபாஸ் என்றால் 25 ஆலும் வகுங்கள்.
3. வருவதை 1.6 ஆல் பெருக்குங்கள்.

1.6 எதற்கு? பேட்டரியைத் தினமும் பூஜ்யம் வரை இறக்கக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும். சில வருடங்களில் கொள்ளளவும் தேய்ந்து ஐந்தில் நாலு பங்காகும். இரண்டையும் சேர்த்தால் ஏறக்குறைய 1.6 மடங்கு. இந்தப் பெருக்கலைச் செய்யாதவர்கள்தான் மூன்றாவது வருடம் வண்டியை விற்கத் தேடுகிறார்கள்.

கழனிவாசலிலிருந்து கல்லூரிச் சாலை, கடைவீதி, பிள்ளைகளை டியூஷன் விடுவது என்று நாளைக்கு 25 கி.மீ. ஓடுகிறவருக்கு 25 ÷ 30 × 1.6 = 1.3 யூனிட். சந்தையில் உள்ள சிறிய, முறையான 2 யூனிட் வண்டியே தாராளம். அவருக்கு 4 யூனிட் வண்டி விற்கப்பட்டால் பாதிப் பேட்டரியை வீணாகச் சுமக்கிறார்.

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கு, போக வர 40 கி.மீ. என்று வைத்தால், 65 இல் போனால் 40 ÷ 25 × 1.6 = 2.6 யூனிட். அதே சாலையில் 45 ஐத் தாண்டாமல் போனால் 2.1 போதும். வேலை செய்யும் இடத்தில் பிளக் கிடைத்தால் தேவை இன்னும் குறையும். அதை நம்பிச் சிறிய பேட்டரி வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலாளி மாறலாம், பிளக் பாயிண்டும் மாறலாம்.

லைசென்ஸ் வேண்டாத வண்டி எது?

மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள்ளும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்குள்ளும் இருந்தால் சட்டப்படி அது மோட்டார் வாகனம் ஆகாது. அதற்குப் பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் எதுவும் தேவையில்லை. 25 கிலோமீட்டர் வேகத்தில் தெருவுக்குள் கோவிலுக்கும் கடைக்கும் போகும் பெரியவர்களுக்கு இது நல்ல வண்டிதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சில கடைகளில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஒரு ஒயரைப் பிரித்துவிட்டு, ‘இப்ப 45 போகும்’ என்று கொடுக்கிறார்கள். அந்த நிமிடமே அது பதிவில்லாத மோட்டார் வாகனம் ஆகிவிடுகிறது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கிடையாது; எதிராளிக்கான இழப்பீடு ஓட்டியவர் தலையில் விழும். 25 க்கு அமைத்த பிரேக்கும் வண்டியின் இரும்புச் சட்டமும் 45 ஐத் தாங்குமா என்பதையும் யாரும் சோதித்திருக்க மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த வண்டியை வாங்கிக் கொடுப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். தினமும் ஊர் எல்லையைத் தாண்டுகிறவர் பச்சை நம்பர் பிளேட் உள்ள, பதிவு செய்த வண்டியைத்தான் வாங்க வேண்டும்.

எந்த வகை பேட்டரி?

மலிவான வண்டிகளில் இன்னும் ஈய-அமில பேட்டரி வருகிறது. 12 வோல்ட் பேட்டரிகள் நாலைந்து தொடராக இருக்கும். எடை அதிகம், முழுதாகத் தீர்த்தால் சீக்கிரம் கெடும், எழுதியிருக்கும் யூனிட்டில் பாதிக்குச் சற்று மேல்தான் உருப்படியாகக் கையில் வரும். தினம் ஓட்டினால் ஒன்றரை வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு முறை மாற்றும் செலவைக் கூட்டினால் ‘மலிவு’ காணாமல் போகும்.

லித்தியத்தில் இரண்டு வகை முக்கியம். என்எம்சி செல் எடை குறைவு, அதே இடத்தில் அதிகக் கரண்ட் பிடிக்கும். எல்எஃப்பி செல் கொஞ்சம் கனம். ஆனால் சூட்டை நன்றாகத் தாங்கும், சார்ஜ் சுழற்சிகளும் அதிகம் கிடைக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் நாள் முழுக்கத் திறந்தவெளியில் நிற்கும் வண்டிக்கு, விலை நெருக்கமாக இருந்தால், எல்எஃப்பியை எடுப்பதே என் கருத்து.

இரண்டையும் ஒரே மாதிரி சார்ஜ் செய்யக் கூடாது. என்எம்சி என்றால் அன்றாடம் 20 க்கும் 80 க்கும் இடையில் வைத்து, மாதம் ஓரிரு முறை 100 வரை ஏற்றினால் போதும். எல்எஃப்பியை வாரம் ஒரு முறையாவது 100 க்கு ஏற்ற வேண்டும். அதன் வோல்டேஜ் 80 சதவீதத்திலும் 40 சதவீதத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால், எவ்வளவு மிச்சம் என்று மீட்டர் கணிப்பது நாளாக நாளாகப் பிசகும். முழுதாக ஏற்றும்போதுதான் கணக்கு நேராகும், செல்களும் சமமாகும். ‘25 சதவீதம் காட்டிய வண்டி திடீரென்று நின்றுவிட்டது’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். இல்லையென்றால் ஒரு செல் மற்றவற்றைவிடப் பலவீனமாகியிருக்கும்.

2022 கோடையில் நாட்டின் பல இடங்களில் மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்ததை அடுத்து, ஏஐஎஸ்-156 என்ற பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரண்டு கட்டமாக நடைமுறைக்கு வந்தன. கடையில் நிற்கும் பழைய ஸ்டாக், செகண்ட் ஹேண்ட் வண்டி எதுவானாலும் தயாரிப்பு மாதம் அதற்குப் பிந்தையதா என்று பாருங்கள். பேட்டரிப் பெட்டி ஐபி67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் நீரில் அரைமணி நேரம் தாங்கும். அந்தச் சான்று பெட்டிக்கு மட்டும். ஐப்பசி மழையில் ஊருணி நிரம்பித் தெருவில் தண்ணீர் ஓடும்போது முதலில் கெடுவது சார்ஜ் செய்யும் துளையும் ஒயர் இணைப்புகளும். வாட்டர் சர்வீஸில் அந்த இடங்களைப் பார்த்து பிரஷர் அடிக்க விடாதீர்கள்.

பேட்டரி ஆராய்ச்சிக்கு நாம் வேறு ஊர் தேட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948 இல் நேரு அடிக்கல் நாட்டிய நம் சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) லித்தியம் பேட்டரி ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது.

செட்டிநாட்டு வீட்டில் சார்ஜ் போடுவது

வண்டி வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஷோரூமைவிட உங்கள் வீட்டுச் சுவர்தான். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இரண்டு இடைஞ்சல் உண்டு. முகப்புக்கு ஏற நாலைந்து படி; நூறு கிலோவுக்கு மேலான வண்டியை உள்ளே ஏற்ற முடியாது. வண்டி தெருவில் நிற்கும், அல்லது பின்தெரு வாசலில் நிற்கும். இரண்டாவது, மீட்டர் முகப்பில் இருக்கும். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசலுக்கு 40, 50 மீட்டர். அந்தத் தூரத்துக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை ஒன்றில் ஒன்று மாட்டி இழுப்பார்கள்.

2 யூனிட் வண்டியின் சார்ஜர் இழுப்பது 750 முதல் 950 வாட். அதாவது 4 ஆம்பியரைச் சுற்றி. இஸ்திரிப் பெட்டி அளவுதான். ஆனால் இஸ்திரிப் பெட்டி விட்டுவிட்டு எரியும், சார்ஜர் மூன்று மணி நேரம் விடாமல் இழுக்கும். அவ்வளவு நேரத்தில் நல்ல ஒயருக்கு ஒன்றும் ஆகாது; தளர்ந்த இணைப்புதான் சூடாகும். பிளக் முனை பழுப்பாவது, பிளாஸ்டிக் வாடை, தொட்டால் சுடுவது, இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அந்த சாக்கெட்டை அன்றே மாற்றுங்கள்.

பழைய வீடுகளில் மரச் சட்டத்தின் மேல் ஓடிய வயரிங்கும் இரண்டு துளை பிளக்கும் இன்னும் இருக்கின்றன. அங்கே எர்த் கிடையாது. சார்ஜரின் மூன்றாவது முனைக்கு எர்த் கிடைக்காவிட்டால், உள்ளே சிறு கசிவு ஏற்பட்டாலும் அது வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு வந்து நிற்கும். ஈரக்காலோடு தொடுகிறவருக்கு அடிக்கும். மூன்று முனையை இரண்டாக்கும் கன்வெர்ட்டரை ஒருபோதும் போடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனிடம் கேட்க வேண்டியவை:

1. மெயினிலிருந்து தனி ஒயர். 2.5 சதுர மி.மீ. செம்பு, எர்த் ஒயரும் சேர்த்து. நடுவில் ஒட்டு இருக்கக் கூடாது.
2. சுமை மீறினால் தானே அணையும் 16 ஆம்பியர் எம்சிபி. அதோடு கசிவைக் கண்டதும் கரண்டை நிறுத்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. கசிவு வந்தால் உயிரைக் காப்பது பின்னதுதான்.
3. வெளியில் என்றால் மூடி உள்ள 16 ஆம்பியர் சாக்கெட், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல், தாழ்வாரத்துக்கு அடியில்.
4. மீட்டர் வைத்துச் சோதனை. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் காட்டினால், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

எர்த் குழி விஷயம் நம் மண்ணுக்கே உரியது. செம்மண்ணும் செம்புராங்கல்லும் கோடையில் ஈரமில்லாமல் இறுகிவிடும். கார்த்திகையில் நன்றாக இருந்த எர்த் பங்குனியில் செத்துப்போகும். குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். பல வருடம் ஆன குழி என்றால் கரியும் உப்பும் புதிதாகப் போட்டு, கம்பி அரித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வண்டியைக் கிட்டத்தில் கொண்டுவரவே முடியாத வீடு என்றால், கழற்றி எடுக்கும் பேட்டரி உள்ள வண்டியைப் பாருங்கள். வாங்கும் முன் கடையிலேயே பேட்டரியைக் கழற்றி, பத்தடி தூக்கி நடந்து பாருங்கள். ஒரு பெட்டி பத்து கிலோவைத் தாண்டும். தினமும் படியேறித் தூக்கப்போவது வீட்டில் யார் என்று யோசித்து முடிவெடுங்கள்.

மதிய வெயிலில் ஓட்டி வந்த கையோடு சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி ஏற்கெனவே சூடாக இருக்கும். சார்ஜ் ஏறும்போது இன்னும் சூடாகும். முக்கால் மணி நேரம் நிழலில் நின்ற பிறகு போட்டால் செல் தேய்வது குறையும்.

கரண்ட் செலவு: நாளைக்கு 30 கி.மீ., மாதம் 26 நாள் என்றால் 780 கி.மீ. யூனிட்டுக்கு 30 என்று வகுத்தால் 26 யூனிட். சார்ஜரில் போகும் நஷ்டம் சேர்த்து 30. யூனிட் 8 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 240 ரூபாய். லிட்டருக்கு 45 கி.மீ. தரும் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு, லிட்டர் 100 ரூபாய் என்றால், 1,730 ரூபாய் ஆகும். மாதம் ஏறக்குறைய 1,500 ரூபாய் மிச்சம். ஆனால் இரண்டு மாத ரீடிங்கில் 60 யூனிட் கூடும். ஏற்கெனவே 460, 470 ஓடும் வீடு 500 ஐத் தாண்டினால் பில்லின் அடுக்கே மாறிவிடும். மிச்சக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பஞ்சர், பிரேக், மெக்கானிக்

பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருந்தால் அது ஹப் மோட்டார். பெல்ட், செயின் இல்லை, பராமரிப்பு குறைவு. ஆனால் பஞ்சருக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் மோட்டார் ஒயரையும் கழற்ற வேண்டும். பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பஞ்சர் கடையில் கைவைக்கத் தயங்குவார்கள். ஆகவே ட்யூப்லெஸ் டயர் கட்டாயம். சக்கரத்தைக் கழற்றாமலே ஒட்டிவிடலாம். 10 அங்குலத்தைவிட 12 அங்குலச் சக்கரம் குழியில் நன்றாகத் தாங்கும்.

மலிவு விலைத் தேர்வில் மிகப் பெரிய கேள்வி சர்வீஸ். ஓசூர், கிருஷ்ணகிரி, ராணிப்பேட்டை என்று பெரிய மின் ஸ்கூட்டர் ஆலைகள் பலவும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. அதனால் காரைக்குடியில் மெக்கானிக் இருப்பார் என்று ஆகாது. பெட்ரோல் வண்டி நின்றால் தெருமுனை மெக்கானிக் போதும். இதில் கன்ட்ரோலரையோ பேட்டரியின் கட்டுப்பாட்டுப் பலகையையோ சோதிக்கக் கம்பெனியின் மென்பொருள் வேண்டும். மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். 2 யூனிட் வண்டி ஒரே சார்ஜில் அங்கே போய்ச் சேராது. குட்டியானையில் ஏற்றித்தான் அனுப்ப வேண்டும். எனவே கடையில் வண்டி பார்ப்பதற்கு முன் சர்வீஸ் கொட்டகைக்குப் போய், எத்தனை வண்டி உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கிறது, எத்தனை நாளாக என்று அங்கே நிற்கும் வாடிக்கையாளரிடம் கேளுங்கள். உள்ளூரில் சர்வீஸ் உள்ள சுமாரான வண்டியே, இல்லாத உயர்ந்த வண்டியைவிட மேல்.

விலைத் தாளைப் படிப்பது

மத்திய அரசின் மானியம் படிப்படியாகக் குறைந்துவந்தது. 2023 ஜூனுக்கு முன் யூனிட்டுக்கு 15,000 ரூபாய்; பிறகு 10,000; 2024 ஏப்ரல் முதல் 5,000; 2025-26 இல் 2,500, அதுவும் வண்டிக்கு 5,000 ரூபாய் வரை மட்டும். அக்கம்பக்கத்தார் அன்று வாங்கிய விலைக்கு இன்று கிடைக்காததன் காரணம் இதுதான். ஜிஎஸ்டி 5 சதவீதம். எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை: சார்ஜர் விலைக்குள் அடங்குமா, செயலி வசதிகளுக்குத் தனிக் கட்டணம் உண்டா, பேட்டரி வாரன்டி எத்தனை வருடம், எத்தனை கி.மீ.; கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்களா, அல்லது முற்றிலும் செத்தால் மட்டுமா; வாரன்டி முடிந்தபின் புதுப் பேட்டரி என்ன விலை. பேட்டரியை வாடகைக்கு விடும் திட்டத்தில் முன்பணம் குறையும், கிலோமீட்டருக்குக் காசு ஏறும். மாதம் 300 கி.மீ. ஓடுகிறவருக்குப் பொருந்தலாம், 800 ஓடுகிறவர் கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு குன்றக்குடி போய்த் திரும்பினால் 20 கி.மீ. சொச்சம் வரும். 2.2 யூனிட் வண்டியில் 30 சதவீதம் போல இறங்கினால் சரி. 40 ஐத் தாண்டினால் டயர் காற்றைச் சரிபார்த்து, பிரேக் உரசுகிறதா என்று சென்டர் ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். இரண்டும் சரி என்றால் வேறு வண்டி கேளுங்கள்.

வீட்டைப் பூட்டிப் போகிறவர்கள்

சென்னையிலோ மலேசியாவிலோ இருந்துகொண்டு, கல்யாணம், முன்னோருக்கான படைப்பு, திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருகிறவர்கள் இங்கே அதிகம். ஓட்டாமல் நிற்கும் பேட்டரியை 100 சதவீதத்தில் விட்டால் வெயில் சூட்டில் வேகமாகத் தேயும். 10 இல் விட்டால் தானாக வடிந்து மீட்க முடியாத நிலைக்குப் போகும். 50, 60 சதவீதத்தில் நிறுத்தி, மெயின் சுவிட்ச் இருந்தால் அணைத்து, வெயில் படாத இடத்தில் விடுங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 60 வரை ஏற்றச் சொல்லுங்கள். சில வண்டிகளில் விளக்குக்கும் பூட்டுக்கும் தனியாக ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி உயிர் பெறாவிட்டால் முதலில் அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சில நூறு ரூபாயிலோ ஓரிரு ஆயிரத்திலோ முடியும் வேலை அது.